அரசு புள்ளிவிவரத்தை யூஸ் பண்றவங்க கேக்குற கேள்விகள்: மோஸ்பி நமக்கு இன்னும் என்ன செய்யணும்?

அரசாங்க சர்வே டேட்டாவை வச்சு வேலை பாக்குறதால நிறைய பேர் எங்கிட்ட கேள்வி கேப்பாங்க. பிஎச்டி பண்ற பசங்க, பத்திரிகைல இருக்கிற நண்பர்கள், தொண்டு நிறுவனத்துக்காரங்க, யூனியன்ல இருக்கிறவங்க. யார் கேட்டாலும் கடைசில பிரச்சனை ஒண்ணுதான்: நம்பர் எங்கயோ இருக்கு, ஆனா எடுத்து யூஸ் பண்ண முடியல. அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிடறேன். நாம என்ன பண்ணலாம்னும் சொல்றேன், மத்திய புள்ளியியல் அமைச்சகமான மோஸ்பி என்ன பண்ணணும்னும் சொல்றேன். நம்பரை வெளியிட்டதோட வேலை முடிஞ்சதுன்னு ஒரு புள்ளியியல் நிறுவனம் நினைக்கவே கூடாது, எடுத்தவங்க அதைச் சரியா பயன்படுத்துற வரைக்கும் அது அவங்க பொறுப்புதான். இதுல எனக்கு ரெண்டாவது கருத்தே கிடையாது.

மோஸ்பி, என்எஸ்ஓ, என்எஸ்எஸ், சென்சஸ் எல்லாம் ஒண்ணா?

இல்லைங்க. மோஸ்பிங்கிறது மத்திய புள்ளியியல் மற்றும் திட்ட அமலாக்க அமைச்சகம், 1999-ல தனி அமைச்சகமா ஆச்சு. அதுக்குக் கீழ சிஎஸ்ஓ, என்எஸ்எஸ்ஓன்னு ரெண்டு அலுவலகம் இருந்துச்சு, 2019-ல ரெண்டையும் சேர்த்து தேசிய புள்ளியியல் அலுவலகம், சுருக்கமா என்எஸ்ஓன்னு ஆக்கிட்டாங்க. என்எஸ்எஸ்ங்கிறது தேசிய மாதிரி சர்வே, அதாவது எல்லா வீட்டுக்கும் போகாம கொஞ்சம் வீட்டை மட்டும் எடுத்துக் கேக்குறது, புள்ளியியல் அறிஞர் மஹலநோபிஸ் காலத்துல 1950-ல ஆரம்பிச்சது, இன்னைக்கு வரைக்கும் ஓடிட்டு இருக்கு. சென்சஸ் இவங்க எடுக்கிறது இல்ல, அது உள்துறை அமைச்சகத்துக்குக் கீழ இருக்கிற ரெஜிஸ்ட்ரார் ஜெனரல் வேலை. குடும்ப நலம், குழந்தைங்க எடை உயரம் பத்தி வர்ற என்எஃப்எச்எஸ் சுகாதார அமைச்சகத்தோடது. அகவிலைப்படி கணக்குக்கு எடுக்கிற தொழிலாளர் விலைக் குறியீடு லேபர் பீரோவோடது. தமிழ்நாட்டுக்குன்னு சென்னைல பொருளியல் மற்றும் புள்ளியியல் துறை தனியா இருக்கு, மாவட்டத்துல பயிர்ப் பரப்பு, மழையளவு மாதிரி விஷயங்களுக்கு முதல்ல அங்கதான் பாக்கணும்.

இதைப் படிக்கும்போதே தலை சுத்துதுல்ல, முதல் குறையே இங்கதான் இருக்கு. எந்த நம்பர் யார்கிட்ட இருக்குன்னு ஒரு ஆரம்பப் பக்கம் இருந்தா போதும், பாதி பேரு தப்பான வாசல்ல நிக்க மாட்டாங்க. அந்தப் பக்கம் மோஸ்பி சைட்ல முதல் ஸ்க்ரீன்லயே இருக்கணும், வேற அமைச்சகத்தோட டேட்டாவா இருந்தாலும் லிங்க் குடுத்து அனுப்பி வைக்கணும். யூசருக்கு இது எந்த அமைச்சகத்தோடதுங்கிற கவலையே இருக்கக் கூடாது.

டேட்டா யூசர்னா யாரு? பேங்க், ரிசர்வ் பேங்க், பொருளாதார நிபுணர்கள்தானே?

அவங்களும்தான். ரிசர்வ் பேங்க் 4 சதவீத பணவீக்க இலக்கு வச்சிருக்கு, அதுக்குக் கீழயோ மேலயோ 2 சதவீதம் போகலாம், அந்தக் கணக்கு முழுக்க என்எஸ்ஓ போடுற நுகர்வோர் விலைக் குறியீட்டை நம்பித்தான் ஓடுது. அந்த நம்பரைப் பாத்துதான் வட்டி, அந்த வட்டியைப் பாத்துதான் உங்க வீட்டு லோன் இஎம்ஐ. ஆனா அந்த மாதிரி ஆளுங்களுக்கு அவங்க கேள்விக்குப் பதில் வாங்க வழி இருக்கு, ஃபோன் பண்ணா எடுப்பாங்க, மீட்டிங்ல கூப்பிடுவாங்க. வழி இல்லாதவங்க யாருன்னா கோயம்புத்தூர்ல எம்ஏ எகனாமிக்ஸ் படிக்கிற பொண்ணு, குறைந்தபட்ச கூலிக்கு மனு எழுதுற யூனியன்காரர், சட்டசபைல பேச நோட்ஸ் ரெடி பண்ற உதவியாளர், மாவட்டப் பக்கத்துக்கு ஸ்டோரி பண்ற நிருபர். இவங்களும் யூசர்தான்னு முதல்ல ஏத்துக்கணும். யாரு எந்த டேபிளை டவுன்லோட் பண்றாங்க, எதைத் தேடிக் கிடைக்காம போறாங்கன்னு பாத்து வருஷா வருஷம் வெளியிடணும், அதைப் பாத்துதான் அடுத்த வருஷம் எதை மாத்தணும்னு முடிவு பண்ண முடியும்.

சமீபத்துல நிறைய மாத்திருக்காங்களே, இன்னும் ஏன் குறை சொல்றீங்க?

மாத்திருக்காங்க, உண்மை, அதை மனசார பாராட்டறேன். 2024 ஜூன் 29, புள்ளியியல் தினத்தன்னைக்கு இ-சாங்க்யிகின்னு ஒரு போர்ட்டல் ஆரம்பிச்சாங்க, பிடிஎஃப்ல பூட்டி வச்சிருந்த நிறைய புள்ளிவிவரத் தொடரை அங்க எக்செல்லா எடுத்துக்கலாம். அடுத்த வருஷம் அதே நாள்ல கோஐஸ்டாட்ஸ்னு மொபைல் ஆப். தொழில் உற்பத்திக் குறியீடு முன்னாடி 42 நாள் கழிச்சு வரும், 2025 ஏப்ரல்ல இருந்து 28-ஆம் தேதியே வந்துடுது. வேலைவாய்ப்பு சர்வே பிஎல்எஃப்எஸ் இப்போ மாசா மாசம் வருது, முதல் மாச நம்பர் 2025 ஏப்ரலுக்கு, மே 15 அன்னைக்கே வெளியிட்டாங்க. இது சின்ன விஷயம் இல்ல, ஊர் ஊரா போய் கணக்கெடுக்கிற ஆளுங்களோட உழைப்பு இது.

ஆனா இதெல்லாம் வேகம். வேகமா குடுக்கிறது சேவைல ஒரு பாதிதான். எடுத்தவனுக்கு விளங்குதா, போன தடவை நம்பரோட ஒப்பிட முடியுதா, தப்பா யூஸ் பண்ணா யாராவது திருத்துறாங்களாங்கிறது இன்னொரு பாதி. இப்போதைக்கு சாப்பாடு நல்லாவே சமைச்சிட்டாங்க, இலை போட்டுப் பரிமாற ஆள் இல்ல.

மைக்ரோடேட்டா டவுன்லோட் பண்ணேன், ஒண்ணுமே புரியல. என்ன பண்றது?

என்கிட்ட அதிகமா வர்ற கேள்வி இதுதான், அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன்.

மைக்ரோடேட்டான்னா ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு ஆளுக்கும் பேரு விலாசம் எடுத்துட்டு குடுக்கிற மூல டேட்டா. மைக்ரோடேட்டா போர்ட்டல்ல ரெஜிஸ்டர் பண்ணா இலவசமா எடுக்கலாம். நிறைய சர்வேக்கு உள்ள இருக்கிறது வெறும் டெக்ஸ்ட் ஃபைல், கமா கூட இருக்காது, ஒரே வரிசையா நம்பர் மட்டும் ஓடும். கூடவே லேஅவுட்னு ஒரு எக்செல் இருக்கும், அதுல எத்தனையாவது எழுத்துல இருந்து எத்தனையாவது எழுத்து வரைக்கும் எந்தக் கேள்வியோட பதில்னு போட்டிருப்பாங்க. அதை வச்சு வெட்டி எடுத்தாதான் டேபிள் ஆகும். மாநிலக் கோடு 33-ன்னு இருந்தா தமிழ்நாடு, 34-ன்னா புதுச்சேரி.

இது வரைக்கும் எப்படியோ வந்துடுவாங்க. சிக்கல் மல்டிப்ளையர்ல. சர்வேல எடுத்த ஒரு வீடு எத்தனை வீட்டுக்குப் பதிலா நிக்குதுங்கிறதுதான் மல்டிப்ளையர், வெயிட்னும் சொல்வோம். ஃபைல்ல இருக்கிற எண்ணை அப்படியே எடுத்துக் கூட்டினா தமிழ்நாட்டு ஜனத்தொகை நூறு மடங்கு வந்து நிக்கும், ஏன்னா ரெண்டு தசம இடத்தைப் புள்ளி இல்லாம எழுதிருப்பாங்க, 100-ஆல வகுக்கணும். அது மட்டும் இல்ல, பல சர்வேல சாம்பிளை ரெண்டு துணை சாம்பிளா பிரிச்சு எடுப்பாங்க. என்எஸ்எஸ், என்எஸ்சின்னு ரெண்டு கட்டம் ஃபைல்ல இருக்கும் (இங்க என்எஸ்எஸ்ங்கிறது சர்வே பேரு இல்ல, கட்டத்தோட பேரு), ரெண்டும் சமமா இருந்தா 100-ஆல வகுக்கணும், இல்லேன்னா 200-ஆல. பிஎல்எஃப்எஸ் வருஷ டேட்டாவா இருந்தா காலாண்டு எண்ணிக்கையாலயும் வகுக்கணும். இது எங்க எழுதிருக்குன்னா ரீட்மீ ஃபைல்ல ஒரு ஓரத்துல ஒரே ஒரு வரி. அந்த வரியைப் பாக்காம போனவங்க தீசிஸ் எழுதி முடிச்சு, கைடு கேட்டப்போ முழிச்சதை நான் பாத்திருக்கேன். அந்தப் பையன் மேல தப்பு சொல்ல எனக்கு மனசு வரல, அவ்வளவு முக்கியமான விஷயத்தை அவ்வளவு சின்னதா எழுதி வச்சது யாரு?

மோஸ்பி இதுக்குப் பண்ண வேண்டியது பெரிய செலவு புடிக்கிற வேலை இல்ல. வெயிட்டை ஒழுங்கா கணக்குப் போட்டு, கடைசியா யூஸ் பண்ண வேண்டிய வெயிட்னு ஒரே ஒரு நெடுவரிசையா ஃபைல்லயே குடுத்துடலாம். ஒவ்வொரு சர்வேக்கும் ஆர், ஸ்டேட்டா, பைத்தான்னு கணக்குப் போடுற சாஃப்ட்வேர் மூணுலயும் ப்ரோக்ராம் கோடு எழுதி, ரிப்போர்ட்ல இருக்கிற முதல் அஞ்சு டேபிளை இந்தக் கோடு ஓட்டினா அப்படியே வரும்னு காட்டிடலாம். ரிப்போர்ட் நம்பர் வந்துடுச்சுன்னா நாம சரியா போறோம்னு தைரியம் வரும். இப்போ அந்தக் கோடு ஒவ்வொரு யுனிவர்சிட்டிலயும் ஒவ்வொரு ஆளா திரும்பத் திரும்ப எழுதிட்டு இருக்காங்க, நாடு முழுக்க எவ்வளவு உழைப்பு வீணாப் போகுது பாருங்க.

இன்னொண்ணு, வெயிட் போட்டுக் கூட்டினாலும் மொத்த ஜனத்தொகை உண்மையை விட குறைவாத்தான் வரும், என்எஸ்எஸ்ல இது ரொம்ப காலமா இருக்கிற விஷயம். அதனால சர்வேல இருந்து சதவீதத்தை மட்டும் எடுத்து, ஜனத்தொகைக் கணிப்போட பெருக்கிக்கோங்க. எத்தனை கோடி பேருக்கு வேலை இருக்குன்னு சண்டை வர்றதுல பாதி இந்த இடத்துல வர்றதுதான்.

ஒரே சர்வேல வேலையின்மை 3.2-ன்னும் இருக்கு 4.9-ன்னும் இருக்கு, எது சரி?

ரெண்டும் சரி. 2023-24 பிஎல்எஃப்எஸ்ல 15 வயசுக்கு மேல இருக்கிறவங்களுக்கு வழக்கமான நிலைப்படி 3.2 சதவீதம், வாராந்திர நிலைப்படி 4.9 சதவீதம். முதல் கணக்குல கடந்த 365 நாளைப் பாப்பாங்க, முக்கியமா வேலை இல்லாதவரா இருந்தாலும் துணைத் தொழிலா 30 நாளோ அதுக்கு மேலயோ எதாவது வேலை செஞ்சிருந்தா வேலை உள்ளவர்தான். ரெண்டாவதுல கடந்த 7 நாளை மட்டும் பாப்பாங்க, அதுல ஒரு நாள்ல ஒரு மணி நேரமாவது வேலை செஞ்சிருந்தா வேலை உள்ளவர். விவசாயக் கூலிக்குப் போறவங்களை நினைச்சுப் பாருங்க, நடவு அறுப்பு சீசன்ல வேலை இருக்கும், மத்த நேரம் வாரக்கணக்குல சும்மா இருப்பாங்க, முதல் கணக்குல அவங்க வேலை உள்ளவங்க, ரெண்டாவது கணக்குல எந்த வாரம் போய்க் கேட்டாங்கங்கிறதைப் பொறுத்து மாறும்.

இப்போ மாசா மாசம் வர்ற நம்பர் ரெண்டாவது வகை. 2025 ஏப்ரல்ல 5.1 வந்தப்போ, போன வருஷம் 3.2 தானே இருந்துச்சு இப்போ இவ்வளவு ஏறிடுச்சான்னு பதறினவங்க உண்டு. ரெண்டையும் பக்கத்துல வைக்கவே கூடாது. விளக்கம் பிரஸ் நோட்ல இருக்கு, ஆனா கடைசில, அடிக்குறிப்பு மாதிரி. அது முதல் பத்தில வரணும்: இந்த நம்பரை எதோட ஒப்பிடலாம், எதோட ஒப்பிடக் கூடாது, பெரிய எழுத்துல. ஐநா பொதுச்சபை 2014-ல ஏத்துக்கிட்ட அரசு புள்ளிவிவர அடிப்படைக் கொள்கைகள்ல, புள்ளிவிவரத்தைத் தப்பா யூஸ் பண்ணா அந்த நிறுவனம் அதைப் பத்திப் பேசலாம்னே ஒண்ணு இருக்கு. டிவி விவாதத்துல ஒருத்தர் தப்பா ஒப்பிட்டா அன்னைக்கு சாயங்காலமே மோஸ்பி ரெண்டு வரில விளக்கம் போடணும், ஆளும் கட்சி சொன்னாலும் சரி, எதிர்க்கட்சி சொன்னாலும் சரி.

எங்க மாவட்டத்துக்கு மட்டும் நம்பர் வேணும், கிடைக்குமா?

எல்லாருக்கும் தேவைப்படுறது இதுதான், கிடைக்கிறதும் இதுதான் ரொம்ப கஷ்டம். என்எஸ்எஸ் சர்வே பொதுவா மாநில அளவுக்கு நம்பகமா வர்ற மாதிரி டிசைன் பண்ணது. மைக்ரோடேட்டால மாவட்டக் கோடு இருக்கு, அதை வச்சு கணக்குப் போட்டா ஒரு நம்பர் வரத்தான் செய்யும், ஆனா பெரம்பலூர்ல கொஞ்சம் வீடுதான் எடுத்திருப்பாங்க, அதை வச்சு பெரம்பலூர் இளைஞர் வேலையின்மை இத்தனைன்னு ஹெட்லைன் போட்டா அது நம்பரே இல்ல. 2025 ஜனவரில இருந்து சர்வே டிசைன்ல மாவட்டத்தை அடிப்படை அலகா எடுத்துட்டாங்க, அது நல்ல மாற்றம், ஆனா மாவட்டத்தை அலகா எடுத்துட்டாங்கங்கிறதால மட்டும் மாவட்ட நம்பர் நம்பகமாயிடாது, சாம்பிளும் அதுக்கு ஏத்த மாதிரி இருக்கணும்.

அதுல இன்னொரு தலைவலி இருக்கு. 2011 சென்சஸ்ல தமிழ்நாட்டுல 32 மாவட்டம், இப்போ 38. திருநெல்வேலில இருந்து தென்காசி, விழுப்புரத்துல இருந்து கள்ளக்குறிச்சி, காஞ்சிபுரத்துல இருந்து செங்கல்பட்டு, வேலூரைப் பிரிச்சு ராணிப்பேட்டை, திருப்பத்தூர், அப்புறம் நாகப்பட்டினத்துல இருந்து மயிலாடுதுறை. 2019-21-ல நடந்த என்எஃப்எச்எஸ்ல கூட 2017-ல இருந்த மாவட்டக் கணக்குதான், தென்காசின்னு தேடினா இருக்காது. அப்போ தென்காசிக்காரர் எதைப் பாக்கணும்? பழைய திருநெல்வேலி நம்பரைத்தான், அதுவும் இதுல தூத்துக்குடி சேராதுன்னு தெரிஞ்சு பாக்கணும். எந்தத் தாலுகா எந்த வருஷம் எந்த மாவட்டத்துக்குப் போச்சுன்னு பழசையும் புதுசையும் இணைக்கிற ஒரு பட்டியலை நாடு முழுக்கப் போட்டு, மாவட்டம் பிரியும்போதெல்லாம் அப்டேட் பண்ணி வச்சா, எத்தனையோ பேரு ராத்திரி நிம்மதியா தூங்குவாங்க.

மாவட்ட நம்பர் வெளியிடுறதுன்னா பக்கத்துலயே பிழை வரம்பையும், அதாவது உண்மை நம்பர் எவ்வளவு மேல கீழ இருக்கலாம்னும், போடணும். இது யூஸ் பண்ணலாம், இது ஜாக்கிரதையா யூஸ் பண்ணணும், இது யூஸ் பண்ணவே கூடாதுன்னு மூணு கலர்ல குறிச்சா கூடப் போதும். பிழை வரம்பை ரிப்போர்ட் பின்னிணைப்புல தள்ளி விடுறது யூசரை ஏமாத்துற மாதிரிதான், நோக்கம் அது இல்லேன்னாலும்.

இன்னமும் 2011 சென்சஸையேவா யூஸ் பண்ணணும்?

வேற வழி இல்ல. 2021-ல நடக்க வேண்டியது தள்ளிப் போச்சு, புது சென்சஸுக்குக் குறிப்புத் தேதி, அதாவது எந்த நாள் நிலவரப்படி ஜனத்தொகையைக் கணக்கெடுக்கிறாங்கங்கிற தேதி, 2027 மார்ச் 1. சர்வேக்கு ஊர் தேர்ந்தெடுக்கிற அடிப்படைப் பட்டியலே சென்சஸ்ல இருந்து வர்றதால, சென்சஸ் பழசானா மத்த சர்வேயும் கொஞ்சம் கொஞ்சமா பழசாகும். சென்னையைச் சுத்தி பதினஞ்சு வருஷத்துல எத்தனை கிராமம் நகரமாச்சு, பழைய பட்டியல்ல அது இன்னும் கிராமம்தான். ரிப்போர்ட் போடும்போது இதைப் பத்தி வெளிப்படையா எழுதணும்.

ரேஷன் அரிசி, இலவச லேப்டாப், சைக்கிள் எல்லாம் செலவுக் கணக்குல வருமா?

தமிழ்நாட்டுக்காரங்க கட்டாயம் கேக்க வேண்டிய கேள்வி. இங்க 2011 ஜூன்ல இருந்து ரேஷன் அரிசி இலவசம். ஒரு குடும்பம் மாசம் 20 கிலோ அரிசி காசு குடுக்காம வாங்கிச் சாப்பிடுது, அப்போ அந்தக் குடும்பத்தோட அரிசிச் செலவு பூஜ்யமா?

2022-23 குடும்ப நுகர்வுச் செலவு சர்வேல இதுக்கு ரெண்டு விதமா கணக்குப் போட்டாங்க. இலவசமா கிடைச்சதைச் சேர்க்காம நாடு முழுக்க கிராமத்துல ஒரு ஆளுக்கு மாசம் 3,773 ரூபா, நகரத்துல 6,459. இலவச அரிசி, கோதுமை, அப்புறம் லேப்டாப், சைக்கிள், ஸ்கூல் யூனிஃபார்ம், ஷூ மாதிரி பொருளுக்கு ஒரு விலை போட்டுச் சேர்த்தா 3,860, 6,521. தமிழ்நாட்டுக்கு சேர்க்காத கணக்குல கிராமம் 5,310, நகரம் 7,630. இலவச மருத்துவம், இலவசக் கல்வி இதுல வராது, அதனால அரசு ஆஸ்பத்திரில பைசா செலவில்லாம ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்களுக்கு அந்தச் சிகிச்சையோட மதிப்பு எந்தக் கணக்குலயும் சேராது. ரெண்டு மாநிலத்தை ஒப்பிடுறப்போ இதை மறந்துடாதீங்க.

ரெண்டு நம்பரையும் சேர்த்தே வெளியிட்டு, விலை எப்படிப் போட்டோம்னும் சொன்னாங்க பாருங்க, நல்ல சேவைன்னா அதுதான். அடுத்தபடியா விலைக் குறியீட்டுல இலவச ரேஷன் பொருளை என்ன பண்றதுன்னு ஒரு விவாதக் குறிப்பு போட்டு பொதுமக்கள் கிட்ட கருத்தும் கேட்டாங்க. இன்னும் ஒரு படி போகணும்: வந்த கருத்து என்னென்ன, எதை ஏத்துக்கிட்டாங்க, எதை ஏன் ஏத்துக்கலன்னு திருப்பி எழுதணும். பதிலே வரலேன்னா அடுத்த தடவை யாரும் கருத்து அனுப்ப மாட்டாங்க.

ரிலீஸ் தேதிக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் குடுக்கிறீங்க?

நம்பிக்கை அதுலதான் இருக்கு. வெளியிடுற நாளும் நேரமும் வருஷ ஆரம்பத்துலயே போர்டுல எழுதிட்டா, நம்பர் கசப்பா இருந்தாலும் இனிப்பா இருந்தாலும் அன்னைக்கு வந்தே தீரணும். யாரும் உள்ள பூந்து தள்ளி வைக்க முடியாது.

இங்க அது உடைஞ்சது எல்லாருக்கும் தெரியும். 2017-18 பிஎல்எஃப்எஸ் முதல் ரிப்போர்ட்டை தேசிய புள்ளியியல் கமிஷன் 2018 டிசம்பர்லயே ஒப்புக்கிச்சு, ஆனா வெளில வரல. 2019 ஜனவரில கமிஷன்ல இருந்த பி.சி. மோகனனும் ஜே.வி. மீனாட்சியும் ராஜினாமா பண்ணாங்க, வேலையின்மை 6.1 சதவீதம்ங்கிற நம்பர் பத்திரிகைல கசிஞ்சுது, அதிகாரப்பூர்வமா வந்தது தேர்தல் முடிஞ்சு புது அரசு பதவியேத்த மறுநாள், மே 31. அதே வருஷம் நவம்பர்ல 2017-18 நுகர்வுச் செலவு சர்வேயோட முடிவை, டேட்டா தரம் சரியில்லைன்னு சொல்லி வெளியிடவே மாட்டோம்னுட்டாங்க. அதனால 2011-12-க்கு அப்புறம் 2022-23 வரைக்கும் வறுமையைப் பத்திப் பேச அதிகாரப்பூர்வ நுகர்வு நம்பரே இல்லாம போச்சு, பதினோரு வருஷம். தரம் சரியில்லேன்னா அந்த டேட்டாவையே குறையோட சேர்த்து வெளியிட்டிருக்கணும், எது சரியில்லன்னு ஆராய்ச்சி பண்றவங்களும் பாத்திருப்பாங்க. இன்னும் எனக்கு அந்த வருத்தம் போகல.

இப்போ ரிலீஸ் காலண்டர் இருக்கு, விலைக் குறியீடு சாயங்காலம் அஞ்சரைல இருந்து நாலு மணிக்கு மாத்திட்டாங்க, பங்குச்சந்தை மூணரைக்கு மூடின பிறகு வரும், நாமளும் படிச்சுப் பாக்க நேரம் கிடைக்குது. பாக்கி இருக்கிறது, வெளியிடுறதுக்கு முன்னாடி எந்த மந்திரி, எந்த அதிகாரி எத்தனை மணி நேரம் முன்னாடி பாக்குறாங்கங்கிற பட்டியல். பிரிட்டன்ல புள்ளியியல் அலுவலகமான ஓஎன்எஸ் 2017 ஜூலைல அந்த முன்கூட்டிப் பாக்குற வழக்கத்தையே நிறுத்திட்டாங்க. இங்கயும் நிறுத்தலாம், நிறுத்த மாட்டோம்னா பட்டியலாவது போடலாம். கமிஷனுக்கும் சட்ட அதிகாரம் வேணும், பொருளாதார நிபுணர் சி. ரங்கராஜன் தலைமைல இருந்த குழு 2001-லயே அதைச் சொல்லிடுச்சு, 2005-ல கமிஷன் வந்தது வெறும் அரசு தீர்மானத்துல.

போன வருஷம் சொன்ன ஜிடிபி நம்பரை இப்போ மாத்திட்டாங்களே, அப்போ சொன்னது பொய்யா?

பொய் இல்லைங்க. ஜிடிபி முதல்ல ஜனவரில முன்கூட்டிய மதிப்பீடா வரும், அப்போ வருஷமே முடிஞ்சிருக்காது, கம்பெனி கணக்கு, மாநில பட்ஜெட் எல்லாம் வர வர திருத்துவாங்க. திருத்துறது நேர்மையோட அடையாளம். அமெரிக்கால 2025 ஆகஸ்ட்ல வேலைவாய்ப்பு நம்பரைக் கீழ திருத்தினதுக்காக அந்தப் புள்ளியியல் அலுவலகத் தலைவரையே அதிபர் வேலையை விட்டுத் தூக்கினாரு, அந்த மாதிரி நடந்தா அப்புறம் எந்த நாட்டுலயும் யாரும் தைரியமா திருத்த மாட்டாங்க.

இங்க உள்ள குறை வேற. 2015 ஜனவரில அடிப்படை ஆண்டை, அதாவது எந்த வருஷ விலையை வச்சு ஒப்பிடுறாங்கங்கிறதை, 2011-12-க்கு மாத்தினாங்க, 2013-14 வளர்ச்சி 4.7-ல இருந்து 6.9 ஆச்சு. அப்போ அதுக்கு முந்தின வருஷங்களோட ஒப்பிடணும்னா புது முறைல பழைய வருஷத்தையும் கணக்குப் போட்டுக் குடுக்கணுமில்ல, அது வந்தது 2018 நவம்பர்ல. கிட்டத்தட்ட நாலு வருஷம் ஆளுக்கு ஒரு கணக்கு போட்டுச் சண்டை போட்டுட்டு இருந்தோம். அடிப்படை ஆண்டு மாறுற அன்னைக்கே பின்னோக்கிய தொடரும், பழைய நம்பரைப் புதுசோட இணைக்கிற காரணியும் கூடவே வரணும். பழைய ரிலீஸ் எல்லாத்தையும் அழிக்காம வச்சிருக்கணும், 2016-ல அவங்க என்ன சொன்னாங்கன்னு 2026-ல பாக்கணும்னா பாக்க முடியணும். வெப்சைட் மாத்தும்போதெல்லாம் பழைய லிங்க் செத்துப் போறது பெரிய கொடுமை, அதனால முக்கியமான பிடிஎஃப் எதையும் உடனே டவுன்லோட் பண்ணி வச்சுக்கோங்க.

தமிழ்ல ஏன் எதுவுமே இல்ல?

சர்வேக்கு வர்றவங்க மதுரைல தமிழ்லதான் கேள்வி கேக்குறாங்க. அந்த அம்மா தமிழ்லதான் பதில் சொல்றாங்க, அரிசி எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு, போன வாரம் எத்தனை நாள் வேலைக்குப் போனீங்கன்னு. ஒரு மணி நேரம் வேலையை விட்டுட்டு உக்காந்து பதில் சொன்ன அந்த அம்மாவுக்கு முடிவு போய்ச் சேர்றப்போ பெரும்பாலும் இங்கிலீஷும் இந்தியும்தான். இலங்கைல சென்சஸ் புள்ளிவிவரத் துறை சிங்களம், தமிழ், இங்கிலீஷ்னு மூணுலயும் வெளியிடுறாங்க, நம்மளை விட எவ்வளவோ சின்ன நாடு. முழு ரிப்போர்ட்டையும் மொழிபெயர்க்கச் சொல்லல. ரெண்டு பக்கச் சுருக்கம், மாநில நம்பர் மட்டும், அந்தந்த மாநில மொழில, அதே நாள் அதே நேரம். பள்ளிக்கூட வாத்தியாரும் ஊராட்சித் தலைவரும் படிக்கிற மாதிரி. கூடவே எந்தச் சொல்லுக்கு எந்தத் தமிழ்ச் சொல்லுன்னு ஒரே மாதிரி வச்சுக்கணும், இப்போ ஒவ்வொரு பத்திரிகையும் ஒவ்வொண்ணு எழுதுது.

வீட்டுக்கு சர்வேக்கு வந்தாங்க, சொல்லணுமா?

சொல்லுங்க, தயவு செஞ்சு சொல்லுங்க. ஐடி கார்டு கேட்டுப் பாருங்க, சந்தேகம்னா அவங்க மண்டல ஆபீஸுக்கு ஃபோன் பண்ணிக் கேளுங்க. நீங்க சொன்னதை உங்க பேரோட வெளியிட 2008 புள்ளிவிவரச் சேகரிப்புச் சட்டத்துல இடம் இல்ல. பெரிய அபார்ட்மென்ட்ல செக்யூரிட்டி உள்ளயே விடாததால வசதியானவங்க செலவு கணக்குல சரியா வரவே மாட்டேங்குது, அப்புறம் ஏற்றத்தாழ்வு நம்பர் எப்படி சரியா வரும்? அசோசியேஷன் மீட்டிங்ல இதைப் பேசுங்க.

நேரா ஏஐ கிட்ட கேட்டா நம்பர் சொல்லிடுதே, இதெல்லாம் எதுக்கு?

சொல்லும். எந்த வருஷம், எந்த நிலைப்படி, கிராமமா நகரமான்னு கலந்து சொல்லும். எபிஐ மூலமா, அதாவது கம்ப்யூட்டர் ப்ரோக்ராமே நேரா நம்பரை எடுக்கிற வசதியை மோஸ்பி கொண்டு வந்தது சரியான திசைதான், ஆனா நம்பரோட விளக்கமும் ஒட்டியே போகணும். வரையறை, காலம், பிழை வரம்பு இல்லாத நம்பரை மிஷின் கிட்ட குடுத்தா அது இன்னும் வேகமா தப்பைப் பரப்பும்.

ரிப்போர்ட்ல தப்பு கண்டுபிடிச்சிருக்கேன், யார்கிட்ட சொல்றது?

அந்தந்தப் பிரிவோட மெயில் ஐடி ரிப்போர்ட்லயோ பிரஸ் நோட் கடைசிலயோ இருக்கும், அதுக்கு எழுதுங்க. நல்ல அதிகாரிங்க நிறைய பேர் இருக்காங்க, பதில் போடுறவங்க போடுறாங்க, ஆனா அந்தப் பதில் அந்த ஒரு ஆளோட இன்பாக்ஸ்ல முடிஞ்சு போயிடுது. அதே கேள்வியை அடுத்த வாரம் இன்னொருத்தர் கேப்பாரு. வந்த கேள்வி, குடுத்த பதில், திருத்தின டேபிள், திருத்தின தேதி எல்லாம் பொதுவா ஒரு பக்கத்துல வரணும், டேட்டா ஃபைலை மாத்தினா பதிப்பு எண்ணும் மாறணும். இப்போ சத்தமில்லாம ஃபைலை மாத்திட்டா ரெண்டு பேரு ஒரே டேட்டாவை வச்சு ரெண்டு விடை எடுத்துட்டு ஒருத்தரை ஒருத்தர் சந்தேகப்படுறாங்க.

மெயில் எழுதும்போது சர்வே பேரு, டேபிள் எண், பக்க எண், நீங்க டவுன்லோட் பண்ண தேதி நாலையும் முதல் வரிலயே போட்டுடுங்க, உங்க கோடையும் இணைச்சு அனுப்புங்க, அப்போதான் அவங்களால சீக்கிரம் சரி பாக்க முடியும். ஒரு மாசத்துல பதில் வரலேன்னா ஆர்டிஐ போடலாம். பதில் வந்தா எனக்கும் அனுப்புங்க, கேள்வியோட சேர்த்து இங்க போட்டுடறேன்.